மயில் தலையும் இரண்டு சிங்கங்களும்

இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் படித்த தொழில் கோப்பை கழுவுவது. இப்போது அடுப்படிக்கு உயர்ந்துவிட்டேன் என்றாலும், சனிக்கிழமை இரவில் ஆள் வராவிட்டால் சிங்குக்கு முன்னால் போய் நிற்கிறவன் இன்றைக்கும் நான்தான். கோப்பை கழுவுகிறவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். மற்றவர்கள் ஒரு கிளாசை வாய்ப்பக்கமாகப் பார்ப்பார்கள். இவன் அடிப்பக்கமாகப் பார்ப்பான். ஊத்தை அங்கேதான் நிற்கும்.

அந்தப் பழக்கம் எனக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தையே கொண்டுவந்து தந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதோடு படிப்பையும் மூடிவிட்டு வந்தவன் நான். பட்டம் இல்லை. ஆனால் விட்ட குறை என்று ஒன்று இருக்குத்தானே.... அது ஒரு சீனிக் கோப்பையின் அடியில் வந்து நின்றது.

2007இல் வந்தபோது என்னை இங்கிலாந்தின் வடகிழக்குக்கு அனுப்பினார்கள். கேற்ஸ்ஹெட். டைன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் நியூகாசில், இந்தப்பக்கம் நாங்கள். 2012 வாக்கில், வேலைக்குப் போகிற வழியில் ஒரு சரிற்றிக் கடையில் இரண்டு பவுண் கொடுத்து ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினேன். பால் வெள்ளை நிறம். பார்த்தால் பீங்கான் மாதிரி. சுண்டினால் கண்ணாடிச் சத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, பழக்கதோசத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக ஒரு புடைப்பு. சதுரங்கத்துக் குதிரை மாதிரித் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் எண்பது வயதளவில் ஒரு அம்மா தனியாக இருந்தா. நான் கடையில் மிஞ்சுகிற கறி கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ எனக்கு வருகிற அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவா. அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல். கிண்ணத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "இது குதிரை இல்லை, பெட். மயில். சோவர்பியின்ர மயில். என்ர அம்மா அங்கதான் பொதி கட்டுற இடத்தில வேலை செய்தவ." ('பெட்' என்பது இந்த ஊர்ச்சனம் அன்பாகக் கூப்பிடுகிற சொல். நாங்கள் 'ராசா' என்கிற மாதிரி.)

மயில்! ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு வெள்ளைக்காரக் கிண்ணத்தின் அடியில் முருகனின் வாகனத்தைக் கண்டால் ஒரு யாழ்ப்பாணத்தான் சும்மா இருப்பானா? அன்றைக்குத் தொடங்கினேன். ஞாயிறு தோறும் பழம்பொருட் சந்தைகள், நூலகத்துப் புத்தகங்கள், இங்கே கேற்ஸ்ஹெட்டிலேயே உள்ள ஷிப்லி கலைக்கூடத்தின் கண்ணாடி அலுமாரிகள்.... படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

சனத்துக்கான கண்ணாடி

முதலில் ஒரு சின்ன விளக்கம். பழைய கண்ணாடிப் பாத்திரங்கள் குழலால் ஊதிச் செய்யப்பட்டவை. மேலே பூ வேலை வேண்டுமென்றால் சாணைச்சில்லில் வைத்து வெட்டவேண்டும். நேரமும் காசும் பிடிக்கிற வேலை. பணக்காரர் வீட்டுச் சாமான். 1820களில் அமெரிக்காவில் இன்னொரு முறை வளர்ந்தது. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் விட்டு, மேலிருந்து ஒரு உலக்கையை நெம்புகோலால் இறக்கி அமத்துவது. பூ வேலை எல்லாம் அச்சிலேயே வெட்டியிருக்கும். ஒரு அமத்தில் பாத்திரமும் வரும், பூவும் வரும். எங்கள் இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த யோசனைதான். இதைத்தான் அழுத்துக் கண்ணாடி என்கிறேன்.

இங்கிலாந்தில் கண்ணாடிக்கு நூறு வருசமாக நிறை பார்த்து வரி போட்டு வந்தார்கள். 1845இல் அந்த வரியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அழுத்துக் கண்ணாடி காட்டுத்தீ மாதிரிப் பரவியது. அதன் பெரிய மையம் இந்த வடகிழக்கு. நிலக்கரி காலடியில் கிடந்தது. நிலக்கரி ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பி வரும்போது பாரத்துக்காக மணல் ஏற்றி வந்தன. சூளைக்கு நெருப்பும் ரெடி, கண்ணாடிக்கு மணலும் ரெடி.

கேற்ஸ்ஹெட்டில் சோவர்பியின் எலிசன் கண்ணாடி ஆலை. 1880களின் தொடக்கத்தில் 700 முதல் 1000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். உலகத்திலேயே பெரிய அழுத்துக் கண்ணாடி ஆலை என்று அந்த நாளில் எழுதினார்கள். அதே ஊரில் 1867இல் ஜோர்ஜ் டேவிட்சன் தொடங்கிய ரீம்ஸ் கண்ணாடி ஆலை. அவர் முதலில் செய்தது என்ன தெரியுமோ? விளக்குச் சிமினி! 1990களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்குச் சிமினியின் அருமை சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பட்ட காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கூட்டம் நாங்கள். மூன்றாவது, பக்கத்து நகரமான சண்டர்லாந்தில் ஹென்றி கிறீனரின் ஆலை.

மூன்று முத்திரைகள்

இந்த மூன்று ஆலைகளின் முத்திரைகளைத் தெரிந்துகொண்டால் சந்தையில் பாதி வேலை முடிந்தது.

சோவர்பி: மயில் தலை. 1876இல் பதிந்த வர்த்தகக் குறி. கொண்டையோடு ஒரு பக்கம் பார்த்தபடி இருக்கும். அச்சு தேய்ந்துபோனால் எனக்குத் தெரிந்த மாதிரி உங்களுக்கும் குதிரையாகத் தெரியும். ஏமாறாதீர்கள்.

டேவிட்சன்: கோட்டைக் கொத்தளத்துக்குள் இருந்து எழும்புகிற அரைச் சிங்கம். ஏறத்தாழ 1880 முதல் 1890 வரை பாவித்தார்கள்.

கிறீனர்: இவரும் சிங்கம்தான். 1876 வாக்கில் வந்த முதல் முத்திரையில் சிங்கம் கையில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும். 1885க்குப் பிறகு வந்த முத்திரையில் நட்சத்திரம் போய் கோடாரி வந்துவிட்டது.

இரண்டாவது சிங்கத்தை முதன்முதலில் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. ஆயுதம் ஏந்திய சிங்கத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைவுகள் வரும். பிறகு எனக்கே சிரிப்பு. பாவம், அது சண்டர்லாந்துச் சிங்கம், சீனிக்கோப்பையைக் காவல் காக்கிறது. :-)

சிங்கம் என்றவுடன் "டேவிட்சன்" என்று விலை எழுதிவைக்கிற வியாபாரிகள் உண்டு. கையைப் பாருங்கள். நட்சத்திரமோ கோடாரியோ இருந்தால் கிறீனர். கொத்தளம் இருந்தால் டேவிட்சன்.

சாய்சதுரத்தை வாசிப்பது

இந்த முத்திரைகளை விட எனக்குப் பிடித்தது இன்னொன்று. சில பாத்திரங்களில் ஒரு சாய்சதுரம் இருக்கும். கற்கண்டு வடிவம். மேலே ஒரு சின்ன வட்டம், நாலு மூலையிலும் எழுத்தும் இலக்கமும், நடுவில் பதிவு என்பதன் சுருக்கமான 'ஆர்டி'. இது ஆலையின் முத்திரை அல்ல, அரசாங்கத்தின் பதிவுக் குறி. 1842இல் வந்த சட்டப்படி ஒரு வடிவத்தைப் பதிந்தால், கண்ணாடிக்கு மூன்று வருசத்துக்கு வேறு ஒருவரும் அதைப் பிரதி பண்ண முடியாது.

வட்டத்துக்குள் ரோம எண் மூன்று இருந்தால் பொருள் கண்ணாடி. (ஒன்று உலோகம், இரண்டு மரம், நாலு மட்பாண்டம், பீங்கான்.) நாலு மூலைகளிலும் வருசம், மாதம், நாள், பதிவுக்கட்டு இலக்கம். வருசத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து. 1842இல் எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கி, ஒழுங்கு குலைத்து, 26 எழுத்தும் 1867இல் முடிந்துவிட்டது. பிறகு என்ன செய்வது? அதே எழுத்துகளை மறுபடி எக்ஸில் இருந்து தொடங்கினார்கள். ஆனால் குழப்பம் வராமல் மூலைகளை மாற்றிவிட்டார்கள்.

ஆகவே முதலில் வட்டத்துக்குக் கீழே உள்ள மேல்மூலையைப் பாருங்கள். அங்கே எழுத்து இருந்தால் 1842 முதல் 1867 வரை. அந்த எழுத்து வருசம், இடது மூலை மாதம், வலது மூலை நாள், கீழ்மூலை கட்டு இலக்கம். மேல்மூலையில் இலக்கம் இருந்தால் 1868 முதல் 1883 வரை. அந்த இலக்கம் நாள், வலது மூலை வருசம், கீழ்மூலை மாதம், இடது மூலை கட்டு இலக்கம்.

இரண்டாவது காலத்தின் வருச எழுத்துகள்: 1868 எக்ஸ், 1869 எச், 1870 சி, 1871 ஏ, 1872 ஐ, 1873 எஃப், 1874 யூ, 1875 எஸ், 1876 வி, 1877 பி, 1878 டி, 1879 வை, 1880 ஜே, 1881 ஈ, 1882 எல், 1883 கே. முதற் காலமும் இதே ஒழுங்கில்தான் 1842இல் தொடங்கி 1857 வரை போகிறது. ஆகவே இதில் இருந்து 26ஐக் கழித்தால் போதும்.

ஒரு உதாரணம். ரைன்மவுத் ரயில் நிலையத்தில் சனி ஞாயிறு கூடுகிற சந்தையில் எனக்கு ஒரு சீனிக்கிண்ணம் அகப்பட்டது. அதைச் சுற்றி ஆங்கிலத்தில் கிளாட்ஸ்ரன் என்ற பெயரும், 'பெருந்திரளுக்காக' என்ற பொருளில் ஒரு வாசகமும் இருந்தன. சாய்சதுரத்தில் மேலே 31, வலது பக்கம் எச், கீழே ஐ. எச் என்றால் 1869. மாதத்தில் ஐ என்றால் ஜூலை. 1869 ஜூலை 31. அது ஹென்றி கிறீனர் பதிந்த நாள். கிளாட்ஸ்ரன் பிரதமராகி எட்டு மாதம் கூட முடியவில்லை. தேநீருக்குச் சீனி போடுகிற கூலித்தொழிலாளியின் மேசையில் பிரதமரின் பெயர்! கண்ணாடி சனத்திடம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1884இல் இருந்து சாய்சதுரத்தை விட்டுவிட்டு, 'ஆர்டி' என்று போட்டு வெறும் தொடரிலக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றில் தொடங்கி, 1885இன் முதல் இலக்கம் 19754. 1890 தொடங்கும்போது 141273. உங்கள் கையில் ஒரு இலக்கம் இருந்தால் அது எந்த இரண்டு வருசத்துக்கு நடுவில் விழுகிறது என்று பார்த்தால் சரி.

குறி மங்கலாக இருந்தால் என் வழி இது: கிண்ணத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, லைற்றை அணைத்துவிட்டு, கைரோச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். புடைப்பின் நிழல் விழும். அதுவும் சரிவராவிட்டால் மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். சின்னவயதில் சல்லிக்காசுக்குச் செய்த அதே விளையாட்டு. இன்னொன்று, டேவிட்சன் 1889இல் காப்புரிமை பெற்ற 'பேர்லைன்' கண்ணாடியில் மஞ்சள் நிறம் ஒன்று உண்டு. அதில் யுரேனியம் கலந்திருக்கிறது. எங்கள் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைற்றுக்குக் கீழே பிடித்தேன். பச்சையாகப் பற்றி எரிகிற மாதிரி ஒளிர்ந்தது. முதலாளி பயந்துபோனார். :-)

குறி சொல்லாதவை

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கை. சாய்சதுரம் சொல்வது வடிவத்தைப் பதிந்த நாளை. உங்கள் கையில் இருக்கிற கிண்ணம் செய்யப்பட்ட நாளை அல்ல. அதே அச்சில் பல வருசம் அமத்தியிருப்பார்கள். இந்த நாட்டில் எனக்கும் ஒரு பதிவட்டை தந்தார்கள். அதில் ஒரு திகதியும் இலக்கமும் இருந்தன. அந்தத் திகதியில் நான் பிறக்கவில்லை. அந்தத் திகதியில்தான் இவர்களுக்கு நான் இருப்பது தெரிந்தது. கண்ணாடிக்கும் அதே கதைதான்.

ஆலை முத்திரையும் முழு உண்மை சொல்லாது. 1920களில் சோவர்பியினர் விக்ரோறியா காலத்துப் பழைய அச்சுகளைத் தூசி தட்டி எடுத்து, வானவில் பளபளப்புப் பூசிய 'கார்னிவல்' கண்ணாடி செய்தார்கள். அச்சில் மயில் இருந்தால் அதிலும் மயில் விழும். அதை 1876 என்று விற்கிறவர்களிடம் கவனம். டேவிட்சன் வேறு ஆலைகளின் அச்சுகளை விலைக்கு வாங்கிப் பாவித்தார். நியூகாசிலில் ஹெப்பல், சவுத் ஷீல்ட்ஸில் எட்வேட் மூர் போன்றவர்களுக்கு விலங்கு முத்திரையே கிடையாது, பதிவுக்குறி மட்டும்தான். ஒரு குறியும் இல்லாத பாத்திரங்களோ ஏராளம். குறி இல்லை என்பதால் அது வம்சம் இல்லாதது என்று அர்த்தம் இல்லை.

இதை எல்லாம் நான் பக்கத்து வீட்டம்மாவுக்குப் போய்ப் போய்ச் சொல்வேன். பொறுமையாகக் கேட்பா. ஒருநாள் பகிடியாகக் கேட்டா: "இவ்வளவு வாசிக்கிறாய். என்ர அம்மாவின்ர பெயர் எங்கயாவது இருக்கோ எண்டு பாத்துச் சொல்லு, பெட்."

நான் பகிடியாகவே "பாக்கிறன்" என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் அது பகிடி இல்லை. ஒரு கிண்ணத்துக்குப் பின்னால் எத்தனை பேர்? சூளையில் இருந்து இரும்புக் கம்பியால் உருகிய கண்ணாடியை எடுக்கிறவர் ஒருவர். அளவு பார்த்துக் கத்தரியால் வெட்டி அச்சில் விட்டு நெம்புகோலை இழுக்கிறவர் ஒருவர். அளவு கூடினால் விளிம்பு தடிக்கும், குறைந்தால் உருவம் முழுதாக வராது. எல்லாம் கண்மட்டு. பிறகு மறுபடி சூட்டில் காட்டி மினுக்குகிறவர், ஆற வைக்கிற சூளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பொடியன்கள், கடைசியில் வைக்கோலில் பொதி கட்டுகிற பெண்கள். இவர்களில் ஒருவர் பெயரும் அடியில் இல்லை. இருப்பது மயில், சிங்கம், திகதி. மயில் சொத்துக்காரனுடையது. திகதி அரசாங்கத்தினுடையது.

தொழிலாளியை விடுங்கள். வோல்ரர் கிறேன் என்ற பெரிய ஓவியர் குழந்தைப் பாட்டுகளுக்கு வரைந்த படங்களைச் சோவர்பியினர் தங்கள் கண்ணாடியில் புடைப்பாகப் பதித்தார்கள். அந்தப் பாத்திரங்களின் அடியில் இருப்பதும் மயிலும் பதிவுக்குறியும்தான்.

சோவர்பி ஆலை 1972இல் மூடப்பட்டது. டேவிட்சன் 1987இல். கிறீனர் 1882இல் இறந்தபின் அந்த ஆலை கடனுக்காக ஜொப்ளிங்கிடம் போனது. ஜொப்ளிங் 1921இல் பைரெக்ஸ் செய்யும் உரிமையை அமெரிக்காவிடம் வாங்கினார்கள். ஓம், அதே பைரெக்ஸ்தான். எங்கள் வீடுகளில் புரியாணி சூடாக்கவும், பிறந்தநாளுக்குப் புடிங் செய்யவும் வைத்திருக்கிறோமே, அது. சண்டர்லாந்தில் அது செய்யப்பட்டது 2007 வரை. நான் வந்திறங்கிய அதே வருசம் இங்கே கடைசிச் சூளையும் அணைந்தது. பழைய பைரெக்ஸ் தட்டின் அடியில் 'ஜே ஏ ஜே' என்று மூன்று எழுத்து இருந்தால் அது ஜேம்ஸ் ஏ. ஜொப்ளிங். கோடாரிச் சிங்கத்தின் வாரிசு உங்கள் குசினியிலேயே இருக்கக்கூடும்.

எங்கள் அம்மம்மாவின் கண்ணாடி அலுமாரியில் நீலம் பாய்ந்த ஒரு சீனிக்கோப்பை இருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும். கை வைத்தால் அடி விழும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அலுமாரியைப் பூட்டித் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவ அம்மம்மா. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கோப்பையும் இல்லை. திறப்பு மட்டும் நிறைய நாள் இருந்தது. அந்தக் கோப்பையின் அடியை நான் ஒருதரம் கூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கக் கோப்பை இல்லை.

பக்கத்து வீட்டம்மா 2019இல் காலமானா. செத்தவீட்டுக்குப் போனேன். அவவின் மகள் வீட்டை ஒதுக்கும்போது கூப்பிட்டு, "அம்மா உனக்கு வைக்கச் சொன்னவ" என்று ஒரு சின்னத் தட்டுத் தந்தா. கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு குறியும் இல்லை. மகளிடம் கேட்டேன், அவவின் அம்மம்மா ஆலையில் இருந்து கொண்டுவந்ததாம். வாயில் சின்ன உடைவு இருந்ததால் விற்க முடியாமல் கொடுத்துவிட்டார்களாம்.

நான் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, அவவின் அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி, அவ சோவர்பி ஆலையில் பொதி கட்டினவ என்றும் எழுதி, தட்டின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்களின் வீட்டுப் பெயர். ஆனால் தட்டில் இருக்கிறது.

நீங்களும் இன்றைக்கு உங்கள் வீட்டுக் கோப்பை தட்டுகளை ஒருக்காக் கவிழ்த்துப் பாருங்கோ. மயிலோ சிங்கமோ இருந்தால் சந்தோசம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது யார் கையால் உங்களிடம் வந்தது என்று தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால், கேட்டு ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கோ.